மாணவர் கட்டுரைக்குச் சமூகச் சர்ச்சையா, வரலாறா, பழைய இலக்கியமா?

கரும்பலகை (கேள்வி):

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். இந்தப் பருவத்தில் தலைப்பை நான் கொடுக்காமல், சமூகத்தில் சர்ச்சைக்குள்ளான ஒரு பொருள், ஒரு வரலாற்று நிகழ்வு, ஒரு பழைய இலக்கியம் ஆகிய மூன்றில் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். 38 கட்டுரைகள் வந்தன. மரண தண்டனையைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் ஆதரவாக நான்கு காரணம், எதிராக நான்கு காரணம் என்று அடுக்கிவிட்டு, காலம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார்கள். வரலாற்றை எடுத்தவர்கள் ஆண்டுகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள். இலக்கியத்தை எடுத்தவர்கள் புகழ்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு மாணவி மட்டும் தாளின் ஓரத்தில், "நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதலாமா, ஐயா?" என்று பென்சிலால் கேட்டிருந்தாள்.

சர்ச்சைக்குரிய பொருளை வகுப்புக்குள் கொண்டுவந்தால் வீட்டிலிருந்து புகார் வரும், அதை விட்டுவிடுங்கள் என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவருக்குச் சொல்லத்தக்க பதிலும் என்னிடம் இல்லை. தலைப்பை மீண்டும் நானே கொடுக்கத் தொடங்குவதா, அல்லது வேறு வழி உண்டா?

சிவப்பு மை:

நீங்கள் கொடுத்தது தலைப்பு அன்று, பொருள். மரண தண்டனை என்பது ஒரு பெருங்காடு. பதினாறு வயதுப் பிள்ளையை அதற்குள் இறக்கிவிட்டால், ஏற்கெனவே பலர் நடந்து தேய்ந்த தடத்தில்தான் நடக்கும். அதே காட்டில் ஒரு மரத்தைக் காட்டுங்கள். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மரண தண்டனை அரசமைப்புக்கு முரணானது அன்று, ஆயினும் அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்க வேண்டும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஒருவன் தூக்கில் ஏறுவதும் தப்புவதும் எந்த நீதிபதிகளின் முன் அவனுடைய வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்துவிடுகிறது என்பது அவருடைய வாதங்களில் முதன்மையானது. இப்போது மாணவரிடம் மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்காதீர்கள். "அரிதினும் அரிதான" என்ற சொற்றொடரை இரண்டு நீதிபதிகள் ஒரே மாதிரி அளந்துவிட முடியுமா என்று கேளுங்கள். அதற்கு நான்கு காரணம் இப்பக்கம், நான்கு காரணம் அப்பக்கம் என்று எழுத முடியாது. யோசித்தே ஆக வேண்டும்.

உங்கள் நண்பரின் அச்சம் பொய்யன்று. அதற்கு நான் கையாண்ட வழி, சட்டத்தால் முடிவுகட்டப்பட்ட பழைய சர்ச்சைகளை எடுப்பது. உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்த 1829-ஆம் ஆண்டுச் சட்டம், மணப்பெண்ணுக்கு 14, மணமகனுக்கு 18 என்று குறைந்தபட்ச வயது விதித்த 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டம், சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய ஒவ்வொன்றையும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் அனைவரும் அறிவிலிகள் அல்லர். எதிர்த்தவரின் வாதங்களுள் வலுவானதை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் அதற்கு விடை சொல்ல வேண்டும் என்பது நான் வைக்கும் ஒரே நிபந்தனை. வீட்டிலிருந்து இதுவரை யாரும் புகாரோடு வரவில்லை.

பழைய ஏடு:

சிவப்பு மை ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். முடிந்துபோன சர்ச்சையில் பிள்ளைகள் அனைவரும் வென்றவர் பக்கம் போய் நின்றுகொள்கிறார்கள் என்பது என் அனுபவம். உடன்கட்டையை ஆதரித்து ஒரு பத்தி எழுதச் சொன்னால், தோற்கப்போகும் கட்சிக்கு வாதாடுபவர்போல் அரைமனத்தோடு எழுதுவார்கள். தேவதாசி முறை ஒழிப்பு மட்டும் இதற்கு விலக்கு. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தமும் ஒழிக்க வேண்டும் என்று நின்றபோது, அந்தச் சமூகத்துப் பெண்களிலேயே ஒரு சாரார், தங்கள் சொத்துரிமையும் கலையும் என்னாகும் என்று கேட்டு மனுக் கொடுத்தார்கள். அங்கே வென்றவர் பக்கம் நின்றாலும் கால் கொஞ்சம் உறுத்தும்.

வரலாற்றைப் பொறுத்தவரை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுந்ததைக் கலகம் என்பதா, புரட்சி என்பதா என்ற ஒரு கேள்வியே கட்டுரைக்குப் போதும். நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தாடிக்கும் தடை, புதுவகைத் தலைப்பாகை என்ற ஆணைகளால் வந்ததா, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளை முன்னிறுத்தி எழுந்ததா என்று அன்றைய அதிகாரிகளே முரண்பட்டார்கள். அன்று சென்னை ஆளுநராக இருந்து, அதன் பொருட்டே திரும்ப அழைக்கப்பட்ட வில்லியம் பெண்டிங்தான், பின்னர்த் தலைமை ஆளுநராக வந்து 1829-இல் உடன்கட்டையைத் தடை செய்தவர். மக்களின் வழக்கத்தில் கைவைத்து ஒருமுறை சூடுபட்டவர் மறுமுறை எப்படித் துணிந்தார் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நான் கொடுத்த தலைப்புகள் எதையும்விட அது நல்ல தலைப்பு.

ஆனால் நான் எழுத வந்தது இலக்கியத்தைப் பற்றி. மூன்றையும் தனித்தனி அறைகளாக நீங்கள் பிரித்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். மரண தண்டனையைப் பற்றி எழுத விரும்பும் மாணவரிடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கொடுத்துப் பாருங்கள். ஊடியிருக்கும் தேவியைத் தணிக்க விரைந்துகொண்டிருக்கும் பாண்டியனைப் பொற்கொல்லன் வாயிலில் மறிக்கிறான். சிலம்பு கள்வன் "கைய தாகில்" கொன்று கொண்டுவருக என்கிறான் அரசன். "ஆகில்" என்ற அந்த நிபந்தனையை வகுப்பில் நிறுத்திக் காட்டுங்கள். அரசன் விசாரிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவன் நிபந்தனையின்றியும் ஆணையிடவில்லை. நிபந்தனையைச் சரிபார்க்கும் பொறுப்பு யார் கைக்குப் போகிறது? காவலரின் கைக்கு. அவர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைப்படும் மகன் அல்லன் என்று தயங்குகிறார்கள். கொல்லன் சிரித்து, கள்வருக்குத் துணையாவன என்று மந்திரம், தெய்வம், மருந்து என எட்டை எண்ணிக் காட்டி, அவர்களுடைய ஐயத்தையே குற்றச்சாட்டுக்குச் சான்றாகத் திருப்பிவிடுகிறான். அவ்வளவு நல்லவனாகத் தோன்றுவதே களவின் திறமை என்றாகிவிட்ட பிறகு எந்த நிரபராதி தப்புவான்? இளையவன் ஒருவன் தான் முன்பு ஏமாந்த கதையைச் சொல்லி, அரசன் நம்மை வருத்துவானே, செய்யத்தக்கது சொல்லுங்கள் என்று கலங்குகிறான். பேச்சு முடிவதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன், அதாவது படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன், கோவலனை வாளால் வெட்டிவிடுகிறான்.

கோவலனைக் கொன்றது யார் என்று கேளுங்கள். வழக்குரை காதையில் "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் பழி முழுவதையும் தானே ஏற்கிறான். மாணவர் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒருத்தி, தயங்கிய காவலர்களே பெரிய குற்றவாளிகள், ஏனென்றால் உண்மை அவர்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் தெரிந்திருந்தது என்று எழுதினாள். எனக்கு அது ஏற்புடையதன்று. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

முதலாமாண்டு:

நான் கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். ஆசிரியர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஐயா, நாங்கள் இரண்டு பக்கமும் சமமாக எழுதுவது எங்களுக்குக் கருத்து இல்லாததால் அன்று. திருத்துபவர் எந்தப் பக்கம் என்று தெரியாததால்தான்.

பள்ளியில் படிக்கும்போது மதுரை எரிந்த இடத்தைப் பற்றி எழுதினேன். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கம் மட்டும் சேர்க என்று கண்ணகி தீக்கடவுளிடம் சொல்கிறாள். விசாரணையின்றி ஒருவனைக் கொன்றதற்காகக் கொதித்தவள், தானும் யாரையும் விசாரிக்காமல் ஒரு பட்டியலை மட்டும் கொடுத்து ஊரை எரிக்கலாமா என்று கேட்டிருந்தேன். அந்தப் பத்தி முழுவதும் அடிக்கப்பட்டு, "கற்பின் சிறப்பை எழுதுக" என்ற குறிப்போடு தாள் திரும்பி வந்தது. அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் நான் கற்பின் சிறப்பையே எழுதினேன். மதிப்பெண் நன்றாக வந்தது. ஓரத்தில் பென்சிலால் கேட்ட அந்த மாணவிக்கு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

சிவப்பு மை:

பழைய ஏடு சொன்ன குறையை ஒப்புக்கொள்கிறேன். உடன்கட்டையை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். தேவதாசி முறை ஒழிப்பு இருக்கட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: காப்பியத்தைக் கொடுத்தால் உரையோடு கொடுங்கள். மூலத்தை மட்டும் கொடுத்தால், பிள்ளைகள் பொருள் புரியாத இடங்களைப் புகழ்ச்சியால் நிரப்புவார்கள்.

கரும்பலகை:

அனைவருக்கும் நன்றி. அந்த மாணவியின் கேள்விக்கு நேரே நான் சரி என்ற குறி மட்டும் போட்டிருந்தேன். எழுதலாம் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. நேற்று அவளை அழைத்துப் பேசினேன். மரண தண்டனைக் கட்டுரையை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

அடுத்த வாரம் கொலைக்களக் காதையில் காவலர் தயங்கும் பகுதியை உரையோடு படியெடுத்துக் கொடுக்கப்போகிறேன். கோவலனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வி, இரண்டு பக்க அளவு, அரசன், கொல்லன், காவலர், களிமகன் ஆகியோருள் ஒருவரைத் தேர்ந்தே ஆக வேண்டும். "ஊழ்வினை" என்று எழுதினால் ஏற்பேனா என்று ஒருவன் இப்போதே கேட்டுவிட்டான். காப்பியமே அப்படித்தானே சொல்கிறது என்பது அவன் வாதம். என்ன சொல்லலாம்?

பழைய ஏடு:

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஊழ்வினைதான் காரணம் என்றால், பாண்டியன் எதற்காக மயங்கி விழுந்து உயிர்விட்டான் என்பதை அவன் மூன்றாவது பக்கத்தில் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.