செம்புத்தூள் வில்லை: 850 டிகிரி வைத்தும் ஓரம் உருகுகிறது, ஏன்?

கேள்வி:
செம்புத்தூளை அச்சில் அழுத்தி வில்லையாக்கி, 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் உலையில் சின்டரிங் (உருக்காமல், சூட்டிலேயே துகள்களை ஒட்டவைப்பது) செய்கிறேன். சுற்றிலும் மைக்ரோவேவை உறிஞ்சிச் சூடாகும் சிலிக்கான் கார்பைடு வளையம், அதற்கு வெளியே அலுமினா நார்ப் போர்வை. வாயு: நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன், சாதாரண அழுத்தம். மேல்துளை வழியாக ஒற்றை அலைநீளப் பைரோமீட்டர் (வரும் ஒளியை வைத்துச் சூட்டை அளக்கும் கருவி) வில்லையைப் பார்க்கிறது. 400-ஐத் தாண்டியதும் அளவீடு திடீரென்று இறங்குகிறது, பவர் தானாக ஏறுகிறது. திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் முத்து முத்தாக உருகி நிற்கிறது. மைக்ரோவேவுக்கும் உலோகத்துக்கும் ஆகாது என்பார்களே, அதுதான் காரணமா?

பதில் 1:
அது கட்டி உலோகத்துக்கு. செம்பில் இந்த அலை சுமார் 1.3 மைக்ரான்தான் நுழையும். தூளிலோ ஒவ்வொரு துகளின் மேற்பரப்பும் சூடாகும். ரஸ்டம் ராய், தினேஷ் அகர்வால் குழு 1999-லேயே உலோகத்தூளை இப்படி முழுமையாகச் சின்டரிங் செய்து 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டது. ஓரம் கூர்மையாக இருக்கிறதா? உதிரித் தூள் ஒட்டியிருக்கிறதா? மின்புலம் அங்கேதான் குவியும். ஓரத்தை மழுக்கி, தூளைத் தட்டிவிட்டு வையுங்கள்.

பதில் 2:
ஓரத்தைவிட அந்த அளவீட்டு இறக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. துகள்மேல் ஆக்சைடுப் படலம் இருக்கும்வரை வில்லையின் உமிழ்திறன் (சூட்டை ஒளியாக வெளிவிடும் திறன்) அதிகம். ஹைட்ரஜன் அந்தப் படலத்தை அகற்றியதும் செம்பு பளபளப்பாகிவிடும், உமிழ்திறன் சரிந்துவிடும். சூடு குறையவே இல்லை, பைரோமீட்டருக்கு வரும் ஒளிதான் குறைந்தது. கன்ட்ரோலர் பாவம், அதை நம்பிப் பவரை ஏற்றுகிறது. திரையில் 850 வருவதற்குள் வில்லை செம்பின் உருகுநிலையான 1085-ஐத் தொட்டு உருகிவிடுகிறது.

கேட்டவர்:
அப்படியென்றால் பைரோமீட்டரை வளையத்தின் பக்கம் திருப்பலாமா? ஆர்கானுக்கு மாறச் சொல்லியும் ஒருவர் யோசனை சொன்னார்.

பதில் 2:
வளையத்தைப் பார்க்கட்டும், சிலிக்கான் கார்பைடின் உமிழ்திறன் இப்படிக் குதிக்காது. ஆனால் வளையத்தின் சூடும் வில்லையின் சூடும் ஒன்றல்ல. பவரை நிறுத்திய கையோடு தெர்மோகப்பிளை (தொட்டுச் சூட்டை அளக்கும் கம்பி) வில்லையில் தொடவைத்து, வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்கான் வேண்டாம், நைட்ரஜனைவிடச் சுலபமாகப் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயு) பற்றிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

கேட்டவர்:
வளையத்தைப் பார்க்கவைத்து ஓட்டினேன். இறக்கமும் இல்லை, உருகலும் இல்லை. ஆனால் உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதி இன்னும் பொலபொலவென்று இருக்கிறது.

பதில் 2:
சரி, இனி பவரைத் தொடாதீர்கள். உச்சச் சூட்டில் நிறுத்திவைக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்.