லேப் ஜர்னலுக்குச் செய்தி எங்கே பிடிப்பது?

பொருநைக்கரை:
இதழியல் இரண்டாம் ஆண்டு, பாளையங்கோட்டை. மாதம் ஒரு லேப் ஜர்னல், அதாவது மாணவர்களே தயாரிக்கும் பயிற்சி இதழ், போடுகிறோம். 'நெல்லையில் போக்குவரத்து நெரிசல்', 'இளைஞர்களும் செல்போனும்' என்று இரண்டு ஐடியா கொடுத்தேன். "இது பேச்சுப்போட்டித் தலைப்பு, செய்தி எங்கே?" என்கிறார் சார். நிருபர்கள் எங்கேதான் தேடுகிறீர்கள்?

டீக்கடை பெஞ்ச்:
உங்க கேன்டீன்லயே ஆரம்பிங்க. விலை ஏறாத கேன்டீன் உண்டா?

பழைய ஸ்ட்ரிங்கர்:
கேன்டீன் வேண்டாம், எல்லா பேட்ச்சும் எழுதியாச்சு. திங்கள்கிழமை காலை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போங்க, மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். உள்ளே நுழைய அவசரப்பட வேண்டாம். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் உட்காருங்கள். பட்டா, முதியோர் ஓய்வூதியம் எந்த வாரமும் வரும். ஒரே தெருப் பெயரில் மூன்று நாலு மனு வந்தால்தான் விஷயம்.

எங்கள் பக்கத்தில் எனக்கு அப்படிச் சிக்கியது ஒரு ரேஷன் கடை. கடையை இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள். மனு கொடுக்க வந்த பாட்டி சொன்னார்: "அரிசி இலவசம்தான் தம்பி, ஆட்டோவுக்கு அறுபது ரூவா." தலைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் செய்தி அப்போதும் ஆகவில்லை. அந்தத் தெருவுக்குப் போய் எத்தனை கார்டு என்று விசாரித்தேன். விற்பனையாளரைப் பார்த்தால், பழைய கட்டடம் ஒழுகி மூட்டை நனைந்த கதையைச் சொன்னார். அதுவும் உண்மைதான். அவர் தரப்பை விட்டிருந்தால் செய்தி அரைகுறையாகப் போயிருக்கும். 'ரேஷன் கடைகளின் அவலம்' என்று எழுதியிருந்தால் யார் படிப்பார்கள்?

பொருநைக்கரை:
மாணவர் என்றால் அதிகாரிகள் பதில் சொல்வார்களா அண்ணா?

பத்து ரூபாய் மனு:
வாயால் கேட்டால் சந்தேகம்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2). ஆனால் "ஏன் கடையை மாற்றினீர்கள்?" என்று கேட்காதீர்கள், மழுப்பிவிடுவார்கள். "மாற்றிய உத்தரவின் நகல் தருக" என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் இந்த மாத இதழை மறந்துவிட்டு, அடுத்ததற்கு இப்போதே போட்டு வையுங்கள்.

பழைய ஸ்ட்ரிங்கர்:
இதோடு கிராம சபையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1-ம் உண்டு. போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆச்சு என்று கேட்டால் போதும், ஊரே பேச ஆரம்பித்துவிடும்.

பொருநைக்கரை:
இந்தத் திங்கள் இன்டர்னல் டெஸ்ட். மதியத்துக்கு மேல் போனால் மனு எழுதுபவர்கள் இருப்பார்களா?

பழைய ஸ்ட்ரிங்கர்:
கூட்டம் கலைந்ததும் அவர்களும் கிளம்பிவிடுவார்கள். டெஸ்ட்டை எழுதுங்க, அடுத்த திங்கள் ஒன்பது மணிக்கே போயிடுங்க.