சகரியா கேட்டால் ஊமை, மரியாள் கேட்டால் பதிலா?

சண்டே ஸ்கூல் டீச்சர்:
கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு லூக்கா முதல் அதிகாரம் ஒத்திகை நடக்குது. காபிரியேல் தூதர் வந்து, வயசான ஆசாரியர் சகரியாவுக்கு யோவான்னு பிள்ளை பிறக்கும்னும், கன்னி மரியாளுக்கு இயேசு பிறப்பார்னும் சொல்ற இடம். ரெண்டு பேரும் கேள்வி கேக்கிறாங்க; சகரியா மட்டும் பிள்ளை பிறந்து பேர் வைக்கிற வரைக்கும் ஊமையாயிடுறார். சகரியா வேஷம் ஆறாம் வகுப்புப் பையனுக்கு. வசனத்தை ஒப்பிச்சு முடிச்சதும் என்னை மடக்கிட்டான்: "டீச்சர், நானும் கேள்விதான் கேட்டேன், மரியாளும் கேள்விதான் கேட்டா. எனக்கு மட்டும் ஏன் வாய் அடைச்சுது?"

சகரியா கேட்டது "இதை நான் எதினால் அறிவேன்". மரியாள் கேட்டது "இது எப்படியாகும்?" அவர் நம்பலை, அவ நம்பினான்னு சமாளிச்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா ஆதியாகமம் 15:8-ல ஆபிராமும் (பின்னால ஆபிரகாம்) கடவுள்கிட்ட அதே "எதினால் அறிவேன்"தான் கேக்கிறார். அவர் வாயை யாரும் அடைக்கலையே! அடுத்த ஞாயிறு அவன் முகத்துல எப்படி முழிக்கிறது?

பனங்காட்டான்:
டீச்சர், ஆபிராமுக்கு முன்னுதாரணமா பார்க்க ஆள் இல்லை. சகரியா அப்படியா? அபியா வகுப்புன்னு ஒரு ஆசாரியர் பிரிவைச் சேர்ந்தவர், ஆபிராம் மனைவி சாராள் கிழவயசுல பிள்ளை பெத்த கதை தெரியாதவர் இல்லை. தூபபீடத்துக்கு வலதுபக்கம் காபிரியேல் நிக்கிறார். அங்க நின்னுகிட்டு "நான் கிழவன்"னு வயசுக் கணக்கு சொல்றார். மரியாள் ஆதாரம் கேக்கலை, வழி கேக்கிறா.

இன்னொண்ணு. "எதினால் அறிவேன்"னு சகரியா அடையாளம் கேட்டார், கிடைச்சது. வாய் அடைச்சதுதான் அந்த அடையாளம். வெளியே ஜனங்க காத்திருக்காங்க. தூபங்காட்டிட்டு வர்ற ஆசாரியர் ஆசீர்வாதம் கூறணும். இவர் வந்து கையை ஆட்டுறார்! எனக்கு அதைப் படிச்சா சிரிப்பும் வரும், பாவமாவும் இருக்கும்.

ஆர்.சி. தெரு:
எங்க கத்தோலிக்க பைபிள்ல மரியா கேக்கிறது "இது எப்படி நிகழும்? நான் கன்னி ஆயிற்றே!" அதுல சந்தேகமே தெரியாது.

ஆனா எனக்குப் பிடிச்சது நியாயாதிபதிகள் 13. சிம்சோனோட அம்மாவுக்குப் பேரே போடலை. பிள்ளை பிறக்கும்னு சொல்ல தூதர் ரெண்டு தடவையும் அவங்ககிட்டத்தான் வர்றார். ரெண்டாவது தடவை வயல்வெளியில தனியா இருக்கும்போது. ஓடிப்போய் புருஷன் மனோவாவைக் கூட்டிட்டு வர்றாங்க. அவரோ தூதர்கிட்ட உங்க பேர் என்ன, பிள்ளையை எப்படி வளர்க்கணும்னு கேட்டு ஆட்டுக்குட்டி சமைக்கப் பார்க்கிறார். கடைசியில கடவுளைப் பார்த்துட்டோம், "செத்தோம்"னு அலர்றார். அந்த அம்மா அமைதியா, நம்மைக் கொல்ல நினைச்சிருந்தா பலியை ஏத்திருக்க மாட்டாரேன்னு சொல்றாங்க. பிறப்புச் செய்தி வந்த வீட்டுல தெளிவா யோசிச்சது அவங்கதான். நாடகத்துல இதையும் சேருங்களேன்.

சண்டே ஸ்கூல் டீச்சர்:
மனோவாவுக்கு இந்த வருஷம் தலைப்பாகை மிச்சம் இல்லீங்க, பார்க்கலாம்.

இன்னைக்கு அவன்கிட்ட "நீ அடையாளம் கேட்டே, அதான் கிடைச்சது"ன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டான். ஊமையான சகரியா பிள்ளைக்குப் பேர் எழுதுற எழுத்துப்பலகைக்குப் பதிலா சிலேட்டு குடுத்தோம். "இவன் பேர் யோவான்"னு கொட்டை எழுத்துல எழுதினான். அப்புறம் 62-ம் வசனத்தைக் காட்டுறான்: "எனக்கு வாய்தானே போச்சு? காது கேக்கும்ல? பிள்ளைக்குப் பேர் என்னன்னு ஏன் என்கிட்ட சைகையில கேக்கிறாங்க?"

பனங்காட்டான்:
பையன் பிழைச்சுக்குவான். சகரியா ஊமையா இருந்தார்னு வர்ற 22-ம் வசனத்துல கிரேக்க மூலத்துல இருக்கிற சொல் ஊமைக்கும் வரும், செவிடுக்கும் வரும். லூக்கா 7:22-ல செவிடர் கேக்கிறாங்கன்னு வர்ற இடத்திலேயும் அதே சொல்தான். காதும் போயிருச்சுன்னு வெச்சுக்கச் சொல்லுங்க. சிலேட்டைப் பெருசா வாங்குங்க, பின் வரிசைக்கும் தெரியணும்.