பயிற்சிக்கு உட்கார வைக்கவே பெரும்பாடு, விளையாட்டாக மாற்ற முடியுமா?

மாலைவெயில்:
மகளுக்கு எட்டு வயது, பியானோ கற்க ஆரம்பித்து ஒரு வருடம். வகுப்புக்கு ஆசையாகத்தான் போகிறாள். வீட்டில் உட்காரச் சொன்னால் தண்ணீர் வேண்டும், கால் வலிக்கிறது, பென்சிலைக் காணோம் என்று அரை மணி நேரம் ஓடிவிடும், அப்புறம் உட்கார்ந்தாலும் தெரிந்த பகுதியையே கடகடவென்று வாசித்துவிட்டு, தடுமாறுகிற இரண்டு வரிகளைத் தொடுவதே இல்லை. ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு வாரம்தான் தாங்கியது. திட்டித் திட்டி இசையே வெறுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கறுப்புக்கட்டை:
ஸ்டிக்கர் என்பது வாசித்து முடித்த பிறகு கிடைக்கும் கூலி, அதனால் எப்போது முடியும் என்றுதான் மனம் போகும். விளையாட்டு அந்தத் தடுமாறும் வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து சட்டைப் பொத்தான்கள். அந்த ஒரு வரியைச் சரியாக வாசித்தால் ஒரு பொத்தான் இடமிருந்து வலம் போகும், தப்பினால் ஒன்று திரும்பி வரும். முதலில் தப்பினால் ஐந்தும் திரும்ப வேண்டும் என்று வைத்திருந்தோம், நான்காவதில் தப்பியதும் பையன் அழுதுவிட்டான். ஒன்று போதும். சரியா தப்பா என்று சொல்வது குழந்தையாகவே இருக்கட்டும், அப்போதுதான் தன் விரல் எங்கே சறுக்கியது என்று தானே கேட்கப் பழகும். அவசரப்பட்டால் பொத்தான் திரும்பிவிடுகிறது என்று புரிந்ததும் அவனாகவே வேகத்தைக் குறைத்தான்.

பகடைப்பிரியை:
நானும் என் மகளும் பகடை உருட்டுவோம். ஒன்று விழுந்தால் ஆமை வேகம், இரண்டு ரகசியம் பேசுவது போல மெல்ல, மூன்று கண்ணை மூடிக்கொண்டு, நான்கு இடது கை மட்டும், ஐந்து வாசிக்காமல் தாளத்தைக் கைதட்டி, ஆறு விழுந்தால் நான் வாசிக்க வேண்டும், என் தப்பை அவள் பிடிக்க வேண்டும். ஆறுக்காகவே ஒரே வரியைப் பத்துத் தடவை வாசிப்பாள். (பகடையும் இசையும் பழைய கூட்டுதான், 1757-லேயே கிர்ன்பெர்கர் என்ற ஜெர்மானியர் பகடை உருட்டி நடன இசை அமைக்கும் முறையை அச்சிட்டிருக்கிறார்.)

பாட்டுவாத்தியார்:
இரண்டுமே நல்லவை. நேரத்தையும் உடைத்துவிடுங்கள், ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம், காலையில் ஏழு நிமிடம், மாலையில் ஏழு நிமிடம் போதும். பாட்டின் கடைசி வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகப் பின்னால் போகச் சொல்லுங்கள், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்கே வந்து சேர்வதால் பயம் குறையும். அவளாகவே லயித்து வாசிக்கும்போது மட்டும் பகடையை எடுக்காதீர்கள்.

மாலைவெயில்:
நேற்று பொத்தான் விளையாடினோம். மூன்றாவது பொத்தானில் நான் "சரிதானே" என்றேன், "இல்லம்மா, நாலாவது விரல் லேட்" என்று அவளே ஒன்றைத் திருப்பி வைத்தாள்.