மறு: 'பூட்ஸ்ட்ராப்பிங்' – குழந்தைமொழி ஆய்வில் என்ன சொல்லலாம்?

> 'தற்தொடக்கம்' என்றே வைத்துவிடலாமே. கணினிக்கும் மொழியியலுக்கும் ஒரே சொல்லாக இருக்கும்.

வணக்கம் ஐயா,

'பூட்ஸ்ட்ராப்பிங்' என்றால் காலணி வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது. குழந்தைமொழி ஆய்வில், பிடிபட்ட ஒன்றைப் பற்றிக்கொண்டு பிடிபடாத இன்னொன்றுக்குக் குழந்தை ஏறுவதை அப்படிச் சொல்கிறார்கள். 'தற்தொடக்கம்' கணினிக்குச் சரி. குழந்தைமொழிக்கு ஒத்துவராது. 'தன்' என்று வந்ததுமே, இலக்கணம் குழந்தைக்குள்ளிருந்து தானாகக் கிளம்புகிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது, இலக்கணத்தின் அடிப்படை பிறவியிலேயே உண்டு என்னும் மொழியியலாளர் சாம்ஸ்கியின் கட்சி. மொழியும் பழக்கத்தால் வருவதே என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு 1959இல் அவர் எழுதிய காரசாரமான மதிப்புரையிலிருந்து நடக்கும் வழக்கு. தீர்ப்பைக் கலைச்சொல்லே எழுதிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல்: எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு கருதுகோள்களுக்கும் இதே பெயர்தான். ஸ்டீவன் பிங்கர் (1984) சொல்வது: குழந்தைக்கு முதலில் பிடிபடுவது பொருள். ஆளையோ பண்டத்தையோ குறித்தால் பெயர், செயலைக் குறித்தால் வினை, செய்பவர் எழுவாய் என்று அது தொடரமைப்புக்கு வந்து சேர்கிறது. லைலா கிளைட்மன் இதைத் திருப்பிப் போட்டார்: வினையின் பொருளைக் காட்டிக்கொடுப்பதே தொடரமைப்புதான். காட்சியை மட்டும் பார்த்துக் கற்பதென்றால், பார்வையற்ற குழந்தைக்குப் 'பார்' என்ற வினை எப்படி வசப்படும்? வசப்படுகிறதே!

கன்னட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். நம் 'ஓடு–ஓட்டு' போல அங்கே வினையோடு 'இசு' சேர்த்துப் பிறவினை ஆக்குவார்கள். ஜெஃப்ரி லிட்ஸும் கிளைட்மன் தம்பதியரும் (2003) மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது, அவர்கள் 'இசு'வைப் பொருட்படுத்தவில்லை. தொடரில் எத்தனை பெயர் வருகிறது என்பதை வைத்தே பொருள்கொண்டார்கள். இத்தனைக்கும் பெயர்களை விழுங்கிப் பேசுவதில் கன்னடரும் நம்மைப் போலத்தான். தமிழ்க் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

ஆகவே காலணி வாரும் வேண்டாம், தொடக்கமும் வேண்டாம். திசையைச் சொல்லிவிடுவோம்:

பிங்கருடையது பொருள்வழித் தொடரறிதல்.
கிளைட்மனுடையது தொடர்வழிப் பொருளறிதல்.

குரலின் ஏற்ற இறக்கத்தையும் நிறுத்தத்தையும் வைத்துத் தொடரின் எல்லைகளைக் கண்டுகொள்வதாகச் சொல்லும் மூன்றாவது கருதுகோளுக்கு 'ஒலிநயவழித் தொடரறிதல்' என்று நீட்டிக்கலாம். உளவியலாளர் டொமசெல்லோவின் அணியையும் இதில் சேர்க்கச் சொன்னீர்கள், தேவையில்லை. குழந்தை ஒவ்வொரு வினையையும் அதனதன் சிறு வாய்பாட்டோடு தனித்தனியே கற்று, பிறகே பொதுமைக்கு வருகிறது என்பது அவர் வாதம். அதற்குப் 'பயன்பாட்டுவழிக் கொள்கை' போதும்.

'பொருள்' பண்டத்தையும் குறிக்குமே என்று கேட்பார்கள், தெரியும். 'சொற்பொருள்வழி' என்றால் நாக்குச் சுளுக்குகிறது. கலைச்சொல் பதிவின் விளக்கத்தில் ஒரு முறை அப்படி எழுதிவிட்டு, தலைச்சொல்லைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.