கேஸ் டிரையர் முதல் லோடுக்குச் சுடுகிறது, அடுத்ததுக்குச் சுடவில்லை

கேள்வி: எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாடகை வீட்டில் கேஸ் டிரையர் இருக்கிறது. முதல் லோடு நன்றாகக் காய்கிறது. உடனே அடுத்ததைப் போட்டால் டிரம் சுற்றுகிறது, ஆனால் சூடு இல்லை. துணி ஈரமாகவே வருகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி சுடுகிறது. கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் போயிருக்கும், மாற்றிவிடு என்கிறார் நண்பர். வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இக்னைட்டர் பெரும்பாலும் உடைந்துதான் போகும். உடைந்தால் முதல் லோடுக்கும் சுடாது. ஆறினால் வேலை செய்கிறது, சூடானால் நின்றுவிடுகிறது என்று நீங்கள் சொல்வதே பாதி விடை.

அதற்கு முன் ஒன்று. கேஸ் வாடை அடித்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

வாடை இல்லையென்றால் முதலில் காற்றைப் பாருங்கள். டிரையர் ஓடும்போது வீட்டுக்கு வெளியே போய், சுவரில் காற்று வரும் மூடிக்கு நேராகக் கையை வையுங்கள். காற்று நன்றாகத் தள்ள வேண்டும், மூடியின் இதழ்கள் திறந்திருக்க வேண்டும். லேசாகத்தான் வருகிறது என்றால் குழாயில் பஞ்சு அடைத்திருக்கும், அல்லது மெஷினைச் சுவரோடு தள்ளியதில் குழாய் நசுங்கியிருக்கும். காற்று போகாவிட்டால் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் பர்னரை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி விடும். இதுவும் விட்டு விட்டுச் சுடுவது போலத்தான் தெரியும்.

லின்ட் ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள். பஞ்சை வழித்தால் மட்டும் போதாது. குழாயடியில் காட்டித் தண்ணீர் விடுங்கள். வலை வழியாக இறங்காமல் தண்ணீர் மேலே தேங்கினால், மணக்கும் டிரையர் ஷீட்டின் மெழுகுப் படலம் ஓட்டையை அடைத்திருக்கிறது. சோப்பு நீர் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்துப் போடுங்கள்.

காற்று சரியாக இருந்தால் அடுத்தது நெருப்பு. பல மாடல்களில் முன்பக்கம் கீழே ஒரு பலகை கழலும். அதற்குள் பர்னர் குழாய். அதில் சின்னப் பார்வைத் துளை இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கையை உள்ளே விடாமல், அந்தத் துளையை மட்டும் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் இக்னைட்டர் ஆரஞ்சாகக் கனலும், பிறகு பளிச்சென்று ஆகும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கேஸ் வால்வு திறந்து குப்பென்று நீலச் சுடர் பிடிக்கும், இக்னைட்டர் அணையும். சூடு போதுமான அளவுக்கு வந்ததும் சுடரும் அணையும், சில நிமிடத்தில் மறுபடி இதே வரிசை. இது இயல்பு, சுடர் அணைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது, மூன்றாவது தடவை. பொறுமையாக உட்காருங்கள். இக்னைட்டர் கனன்று, 'டக்' கேட்டு, சுடர் பிடிக்காமலே அணைந்தால் கேஸ் வால்வின் மேல் உட்கார்ந்து அதைத் திறக்கும் காயில்கள், அதாவது மின்கம்பிச் சுருள்கள்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதி. சூடு ஏறும்போது காயிலுக்குள் கம்பி தொடர்பு விடுகிறது, வால்வு திறப்பதில்லை. ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. இதனால்தான் ஆறிய காயிலில் மல்டிமீட்டர் வைத்தால் ஓம் கணக்கு சரியாகவே காட்டும், "காயில் நல்லா இருக்கு" என்று ஏமாந்துவிடுவோம். நானும் மீட்டரை நம்பி இரண்டு வாரம் ஈரத் துணியோடு அலைந்திருக்கிறேன்.

இக்னைட்டர் அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறதா? அது ஃபிளேம் சென்சார், அதாவது சூட்டை உணர்ந்து இக்னைட்டரை அணைக்கும் சுவிட்ச், கெட்டிருக்கிறது. கனலவே இல்லையென்றால்தான் இக்னைட்டர், அல்லது அதற்குக் கரண்ட் போகும் வழியில் வேறு ஏதோ.

காயில்கள் செட்டாகவே கிடைக்கும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. வால்வுக்கு மேலே வெளியில் உட்காரும் பொருள் என்பதால் கேஸ் இணைப்பைப் பிரிக்க வேண்டியதே இல்லை. ஆனால் உங்களுடையது வாடகை வீடு. நீங்களே கழற்ற வேண்டாம், வீட்டு ஓனருக்கு எழுதுங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள்: "முதலில் சுடர் வருகிறது, பிறகு இக்னைட்டர் கனல்கிறது, ஆனால் சுடர் பிடிப்பதில்லை." வருகிற டெக்னீஷியன் சரியான பொருளைக் கையோடு கொண்டு வருவார். சொந்த மெஷின் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கி, டிரையருக்குக் கேஸ் வரும் குழாயில் உள்ள வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடிய பிறகுதான் கை வைக்க வேண்டும். இக்னைட்டர் எளிதில் நொறுங்கும், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: அண்ணா, நேற்று இரவு டார்ச்கூட இல்லாமல் தரையில் படுத்துப் பார்த்தேன். முதல் தடவை சுடர் வந்தது. மூன்றாவது தடவை கனல், 'டக்', இருட்டு. நீங்கள் சொன்ன அதே வரிசை. ஓனருக்கு வீடியோ அனுப்பியிருக்கிறேன். அதோடு இன்னொன்று, பின்னால் இருக்கும் குழாய் வெள்ளிக் காகிதம் மாதிரி மெல்லியதாக, மடங்கிக் கிடக்கிறது.

பதில்: நல்ல வேலை செய்தீர்கள். அந்தக் குழாயையும் மாற்றித் தரச் சொல்லுங்கள், வழவழப்பான கெட்டி உலோகக் குழாயாக. மெல்லிய குழாயின் மடிப்புகளில் பஞ்சு தங்கும், அது தீப்பிடிக்கும். கேஸ் டிரையருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: எரிந்த புகை அதே குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது. குழாய் கழன்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம், அதற்கு வாடை கிடையாது. வீட்டில் அதற்கான அலாரம் இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கத்துகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆள் வந்து சரிசெய்யும் வரை டிரையரை ஓட்ட வேண்டாம்.