புதுப்பிப்பு: நீகாட்டா கிராமமும் திரும்பி வந்த குப்பைப் பையும்

போன நவம்பரில் இங்கே புலம்பியிருந்தேன்: ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் ஒரு நெல் கிராமத்துக்குக் குடிவந்தோம், வெளியே வைத்த குப்பைப் பை எச்சரிக்கைச் சீட்டோடு அப்படியே கிடக்கிறது, யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று. "நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள்" என்றீர்கள். தட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பையைப் பிரித்தே காட்டிவிட்டார். பாட்டில் தனி, மூடி தனி, லேபிள் தனி. எரியும் குப்பைக்கு வேறு நாள். சரி, அது பழகிவிட்டது.

பழகாமல் இருந்தது 'கைரன்பான்'. ஊர் அறிவிப்புகள் செருகிய அட்டை, வீடு வீடாகக் கைமாறும். படித்து, நம் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். இப்போது கையில் கொடுக்கிறேன். பத்து நிமிடம் பேச்சு, பாதி பனியைப் பற்றி. ஜனவரியில் ஆள் உயரத்துக்கு விழுந்தது என்றால் பேசாமல் என்ன செய்வார்கள்? கூரைப் பனியைத் தள்ளத் தனியாக ஏறாதே என்று அதட்டியதும் அதே பாட்டிதான்.

வாசலில் முள்ளங்கி ஊறுகாய்க் கிண்ணம் வைத்தது யார் என்று கேட்டிருந்தேனே, அதுவும் அவரே! கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மனமில்லாமல் ரவா கேசரி வைத்துக் கொடுத்தேன். மறுநாளே அது உலர்ந்த பெர்சிமன் பழங்களோடு திரும்பி வந்தது. கிண்ணம் இப்போது எங்கள் வீட்டில். அடுத்து என்ன வைப்பது என்று தெரியவில்லை, யோசனை சொல்லுங்கள்.

அப்புறம், ஞாயிறு காலை வாய்க்கால் தூர்வாரல், வீட்டுக்கு ஒருவர். மண்வெட்டி இரவல் கேட்டாயிற்று.